ஓடும் வண்டி கடைசியில் வரட்டும்

காட்டாங்கொளத்தூரிலும் வண்டலூரிலும் கேளம்பாக்கத்திலும் காலவாக்கத்திலும் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வாகனங்களுக்குள் இருக்கும் கணினிகளை ஆராய்ந்து, அவற்றின் ஓட்டைகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு வந்திருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்புகளைப் பார்த்தாலே தெரிகிறது. இந்த ஆசை நாட்டுக்குத் தேவையான ஆசை. வாகன மின்னணுச் சோதனையிலேயே காலம் கழித்தவன் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஓடுகிற வண்டியில் கை வைப்பது உங்கள் ஆய்வின் கடைசிப் படியாக இருக்கட்டும். அந்தப் படியை ஈ.சி.ஆரிலோ ஓ.எம்.ஆரிலோ ஜி.எஸ்.டி. சாலையிலோ எடுத்து வைக்காதீர்கள். அதற்கென்று ஓர் இடத்தை நாம் சேர்ந்து கேட்டு வாங்குவோம்.

நீங்கள் படிப்பது வண்டி பிறக்கும் மண்ணில். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019இல். அதற்கு வெகு முன்பே, 1990களில், மறைமலை நகரில் ஃபோர்டு கார்கள் உருவாகத் தொடங்கிவிட்டன. மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் பி.எம்.டபிள்யூ. கார்களைப் பூட்டுகிறார்கள். 2012இல் திறந்த மகிந்திரா ரிசர்ச் வேலியும் ரெனோ–நிசான் தொழில்நுட்ப மையமும் அங்கேதான். மாவட்ட எல்லையைத் தாண்டினால் ஒரகடம், அதற்கப்பால் இருங்காட்டுக்கோட்டை. உங்களில் பலர் இந்தக் கதவுகள் வழியாகத்தான் வேலைக்குப் போகப் போகிறீர்கள்.

இன்றைய காரில் பல டஜன் குட்டிக் கணினிகள் இருக்கின்றன. எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவுக்கும் விளக்குக்கும் ஒன்று. இவற்றில் பல தமக்குள் பேசிக்கொள்வது கேன் என்ற இரட்டைக் கம்பி வழியாக. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு அது. அந்தக் கம்பியில் வரும் செய்தியில் என்ன தகவல் என்பது இருக்கும். அனுப்பியவர் யார் என்பதற்கு உத்தரவாதம் இருக்காது. 1986இல் அது குறையாகப் படவில்லை. கம்பியைத் தொட வேண்டுமானால் வண்டிக்குள் ஆள் ஏற வேண்டியிருந்த காலம் அது. இப்போதைய வண்டியில் சிம் கார்டு இருக்கிறது, புளூடூத் இருக்கிறது, வைஃபை இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே நுழைய ஒரு வழி கிடைத்துவிட்டால், உள்ளே இருக்கும் பழைய நம்பிக்கை அப்படியே ஆபத்தாக மாறுகிறது. நல்ல எண்ணத்தோடு தேடுகிறவர்கள் முதலில் கண்டுபிடிக்காவிட்டால், கெட்ட எண்ணத்தோடு தேடுகிறவர்கள் கண்டுபிடிப்பார்கள். அதனால்தான் உங்கள் வேலை முக்கியம் என்கிறேன்.

இந்தத் துறையில் எல்லாரும் படிக்கும் இரண்டு ஆய்வுகள் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

முதலாவது 2010இல் வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தாரும் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஒரு சாதாரணக் காரை எடுத்துக்கொண்டார்கள். முதலில் அதன் கணினிகளைக் கழற்றி மேசைமேல் வைத்துச் சோதித்தார்கள். அடுத்து, முழுக் காரையும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, சக்கரம் தரையில் படாமல் சோதித்தார்கள். அதற்குப் பிறகுதான் ஓடும் சோதனை. அதைச் செய்த இடம், விமானங்கள் வருவது நின்றுபோன ஒரு பழைய ஓடுபாதை. பின்னால் இன்னொரு கார் தொடர்ந்து வர, அதிலிருந்து கட்டளை அனுப்பினார்கள். ஓட்டுநர் மிதித்தும் பிரேக் பிடிக்காதபடி செய்ய முடியும் என்பது அந்த ஓடுபாதையில்தான் உறுதியானது. காரின் பெயரைக் கட்டுரையில் வெளியிடவில்லை. யாருக்கும் கீறல் விழவில்லை. ஆனால் அதன் பிறகு வந்த வாகனக் கணினிப் பாதுகாப்பு ஆய்வுகள் பலவும் அந்தக் கட்டுரையின் தோள்மேல் நிற்கின்றன.

இரண்டாவது 2015 ஜூலையில் நடந்தது. சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இணையம் வழியாக ஒரு ஜீப் செரோக்கியைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். வயர்டு இதழின் செய்தியாளர் ஆண்டி கிரீன்பெர்க் அந்த வண்டியைச் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆய்வாளர்கள் வீட்டில் உட்கார்ந்தபடி கியரைத் துண்டித்தார்கள். ஒதுங்கி நிறுத்த ஓரம் இல்லாத இடம். வேகம் குறைந்துகொண்டே போக, பின்னால் பெரிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்த ஆய்வின் பயன் பெரிது. 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த இருவரின் திறமையில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த நெடுஞ்சாலைச் சோதனையை நான் ஏற்கவில்லை. அந்த லாரி ஓட்டுநரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதே ஓட்டையை ஓர் ஓடுபாதையில் காட்டியிருந்தாலும் அது அதே ஓட்டைதான்.

செய்தியாளர் சம்மதித்துத்தான் வண்டியில் ஏறினார். ஆய்வாளர்களும் தெரிந்தே செய்தார்கள். சாலையில் போன மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. எதிரே வருகிறவர், பின்னால் வருகிறவர், ஓரத்தில் நடக்கிறவர் எல்லாரும் சரி என்று சொல்லியிருக்கிறார்களா? ஒரு வாகனச் சோதனையை எடைபோட எனக்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும். பொதுச் சாலையில் அதற்கு ஆம் என்ற பதிலே கிடையாது.

ஈ.சி.ஆரைப் பற்றி உங்களில் சிலர் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கோவளத்தைத் தாண்டினால் கூட்டம் குறையும். நள்ளிரவுக்கு மேல் சாலை நேராக, காலியாகக் கிடக்கும். பத்து நிமிடத்தில் வீடியோ எடுத்துவிடலாம். அந்தக் காலிச் சாலையை நம்பிப் பைக் ரேஸ் விட்டவர்களைப் போலீசார் பிடித்த செய்திகளையும், பிடிபடுமுன்பே விழுந்தவர்களின் செய்திகளையும் நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். அந்தச் சாலை எந்த நேரத்திலும் காலியாக இல்லை. இருட்டு பிரியுமுன் மீன் கூடையோடு வண்டிக்காகக் காத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விடியலில் சைக்கிள் ஓட்டும் குழுக்கள் வருகின்றன. கல் ஏற்றிய லாரியும் சவுக்குக் கட்டை ஏற்றிய லாரியும் இரவில்தான் போகும். மாமல்லபுரத்தில் வாடகை ஸ்கூட்டர் எடுத்து, வழி தெரியாமல் தடுமாறும் பயணிகள் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் திடீரென்று முன்னால் வரும்போது உங்கள் பிரேக் உங்கள் லேப்டாப்பின் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சாலையும் உண்டு. வாகனத்தின் ஜி.பி.எஸ்.ஸைப் போலிச் சமிக்ஞையால் ஏமாற்றிக் காட்டுவது மாணவர்களிடையே பிரபலமான சோதனை. அதற்குக் கடற்கரைதான் வசதி, யாரும் இல்லை என்று தோன்றும். ரேடியோ அலை உங்கள் காரோடு நிற்காது. கோவளம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்கள் வலை போட்ட இடத்தையும் திரும்பும் வழியையும் ஜி.பி.எஸ். கருவியில் குறித்து வைத்திருக்கிறார்கள். மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள். உங்கள் போலிச் சமிக்ஞை அவர்கள் கருவிக்கும் போய்ச் சேரலாம். உரிமம் இல்லாமல் அப்படி ஒலிபரப்புவதும் ஜாமர் இயக்குவதும் சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம். அதற்கு முன்பே அது கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் ஒருவரை வழிதப்ப வைக்கும் செயல். ரேடியோ சோதனை எதுவானாலும் கம்பி வழியாகவோ, அலை வெளியேறாத உலோகப் பெட்டிக்குள்ளோ, மின்காந்த ஆய்வகத்தின் மூடிய அறைக்குள்ளோதான் நடக்க வேண்டும். தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. ஒரகடத்தில் அதற்கென்றே கட்டிய ஆய்வகம் இருக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? மேசையில் தொடங்குங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் உங்கள் காலத்தின் பெரும்பகுதி போக வேண்டும்.

முதல் மேசைக்குச் செலவே இல்லை. லினக்ஸில் சாக்கெட்கேன் என்ற வசதி 2008 முதலே கெர்னலுக்குள் இருக்கிறது. வோக்ஸ்வாகனின் ஆராய்ச்சிப் பிரிவு கொடுத்தது அது. கிரெய்க் ஸ்மித் எழுதிய ஐசிசிம் என்ற சிறு மென்பொருளை அதன்மேல் ஓட்டினால், திரையில் ஒரு ஸ்பீடோமீட்டரும் கதவுகளும் வரும். எந்தச் செய்தி எந்தக் கதவைத் திறக்கிறது என்று நீங்களே தேடிக் கண்டுபிடிக்கலாம். டொயோட்டாவின் ஆய்வாளர்கள் ஒருபடி மேலே போய், ஒரு காரின் கணினி வலையமைப்பையே சூட்கேஸுக்குள் அடக்கி, 2018இல் பாஸ்தா என்ற பெயரில் வெளியிட்டார்கள். பிறகு ராம்ன் என்று கைக்கடக்கமான சர்க்யூட் போர்டாகவும் கொடுத்தார்கள். அதன் வரைபடங்கள் எவரும் எடுத்துக்கொள்ளத் திறந்தே கிடக்கின்றன. காரை விற்கும் நிறுவனமே, காரில்லாமல் பழகுங்கள் என்று கொடுத்த பொருள்கள் இவை.

இரண்டாவது மேசைக்குப் புதுப்பேட்டை போங்கள். விபத்தில் சிக்கிய வண்டிகளின் மீட்டர் போர்டு, எஞ்சின் கணினி, கதவு விளக்குகளைக் கவனிக்கும் பாடி கன்ட்ரோல் யூனிட் எல்லாம் அங்கே கிடைக்கும். ரசீது வாங்காமல் வாங்காதீர்கள்; திருட்டு வண்டியின் பாகத்தை வைத்து நல்ல ஆய்வு செய்ய முடியாது. மூன்றையும் பலகையில் திருகி, 12 வோல்ட் மின்சாரம் கொடுங்கள். எவ்வளவு ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தும் வசதி அந்த சப்ளையில் இருக்கட்டும். கேன் கம்பி இரண்டையும் முறுக்கி, இரு முனையிலும் 120 ஓம் மின்தடை வையுங்கள். மல்டிமீட்டரில் 60 ஓம் காட்டினால் இணைப்பு சரி. ஏர்பேக் கணினியை வாங்கலாம், ஏர்பேக்கை வாங்கக் கூடாது. அதனுள் வெடிமருந்து இருக்கிறது. ஒரு தவறான செய்தி அதை மேசைமேலேயே வெடிக்க வைக்கும். அதன் இடத்தில் இரண்டு ஓம் அளவில் ஒரு மின்தடையைப் பூட்டிவிட்டால், கணினி ஏர்பேக் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும், வெடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. இந்தப் பலகையில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் உடைக்கலாம். இரவெல்லாம் தாறுமாறான செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். காலையில் யூனிட் செத்துக் கிடந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

முழு வண்டி தேவைப்படும் நாள் வரும். அப்போதும் அது நிற்கும் வண்டியாக இருக்கட்டும். ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். பேட்டரி இணைப்பை ஒரே தட்டில் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று, லேப்டாப்பின் முன் உட்காராத வேறொருவர் கையில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடினால் கதவுகள் திறந்த இடம் வேண்டும். மூடிய கராஜில் புகை கொல்லும். ஸ்டியரிங்குக்கு முன்னால் யாரும் உட்காரக் கூடாது. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் ஓடும் பாதையை, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இல்லாமல் திறக்கவே திறக்காதீர்கள். நூற்றுக்கணக்கான வோல்ட் அது.

இங்கே பலரும் மறக்கும் ஒன்று இருக்கிறது. சோதித்த வண்டியில் வீட்டுக்குப் போகாதீர்கள். பகலெல்லாம் தாறுமாறான கட்டளைகளை வாங்கிய கணினிகள், சாவியைத் திருப்பி எடுத்ததும் பழையபடி ஆகிவிடும் என்று எந்த உறுதியும் இல்லை. ஏதோ ஒரு மதிப்பு நினைவகத்தில் மாறிப்போய், அடுத்த வாரம் மழையில், தாம்பரம் மேம்பாலத்தில் தன்னைக் காட்டலாம். அப்பாவின் காரை ஆய்வுக்கு எடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அம்மாவும் பாட்டியும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரில்தான் திருக்கழுக்குன்றம் போவார்கள். ஆய்வுக்கான வண்டி ஆய்வுக்கு மட்டுமே. மென்பொருளை முழுதாகத் திரும்ப ஏற்றி, நிறுவனத்தின் கருவியால் சரிபார்க்கும்வரை அதன் சாவி ஆய்வகப் பூட்டுக்குள் இருக்கட்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதைத் தடுக்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ண ஆய்வாளருக்கென்று தனி விலக்கு அதில் எழுதப்படவில்லை. உங்கள் மேசையில் நீங்கள் விலைகொடுத்து வாங்கிய யூனிட் உங்களுடையது. அந்த யூனிட் தொலைவில் பேசும் சர்வர் நிறுவனத்துடையது. அனுமதி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். வாடகைக் காரிலும் பேருந்திலும் இருக்கும் இருப்பிடம் காட்டும் கருவிகளும் அப்படியே. அவசரப் பொத்தான் அதோடுதான் இணைந்திருக்கிறது. யாரோ ஒரு பெண் அந்தப் பொத்தானை நம்பிப் பயணம் செய்கிறார். ஓட்டை ஒன்று கிடைத்தால் முதலில் தயாரிப்பாளரிடமும் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னிடமும் சொல்லுங்கள், திருத்த நேரம் கொடுங்கள், அதன் பிறகு எழுதுங்கள்.

அமெரிக்காவிலும் வாகனத்தை ஆராயும் உரிமை சும்மா வரவில்லை. காரின் மென்பொருளை ஆராய்வது பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகுமா என்ற விவாதம் அங்கே நீண்ட நாள் இருந்தது. 2015இல் விலக்கு கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள்: யாருக்கும் தீங்கு நேராதபடி அமைத்த, கட்டுப்பாடான இடத்தில்தான் ஆய்வு நடக்க வேண்டும். பாதுகாப்பான இடம் ஆய்வாளருக்கு விலங்கு என்று நினைக்காதீர்கள். அவருக்கு உரிமை கிடைத்ததே அந்த இடத்தைச் சொல்லித்தான்.

பாதுகாப்பாகப் படிப்படியாகச் சோதிப்பதற்கு இந்தக் கரையிலேயே முன்னுதாரணம் உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அணு ஈனுலை கட்டுமுன், சிறிய சோதனை உலை ஒன்றைக் கட்டினார்கள். 1985 அக்டோபரில் முதன்முதலாக இயங்கிய அந்த உலை, படிப்படியாக ஏறி, தன் முழு 40 மெகாவாட் வெப்பத் திறனைத் தொட்டது 2022 மார்ச்சில். பெரிய உலையை இயக்கப் போகிறவர்கள் பயிற்சி பெறவோ, உண்மையான கட்டுப்பாட்டு அறையைப் போலவே ஒரு சிமுலேட்டரைத் தனியாக உருவாக்கினார்கள். பக்கத்து ஊர்களில் மக்கள் வாழ்கிறார்கள் என்பதை மனதில் வைத்துச் செய்த வேலை அது. சாலையில் போகிறவர்களுக்கும் நாம் அந்த அளவு பொறுமையைக் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்து, இடம். வேகத்தின்மேல் ஆசைப்பட்டவர்களுக்குச் சென்னை ஒருகாலத்தில் சோழவரத்தைக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. பல பத்தாண்டுகள் அங்கே மோட்டார் பந்தயம் நடந்தது. பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் வந்தது. ஆசையை அடக்காமல், அதற்கு வேலி போட்ட இடம் கொடுத்தார்கள். தையூரில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் டிஸ்கவரி வளாகத்தில் மாணவர் குழுவின் ஹைப்பர்லூப் கனவுக்கு 422 மீட்டர் நீளச் சோதனைக் குழாய் கிடைத்திருக்கிறது. மாணவர்களை நம்பித் தனி இடம் கொடுப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிது இல்லை.

நமக்கு மிக அருகில் இருப்பது ஒரகடத்திலுள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம், ஜி.ஏ.ஆர்.சி. 2005இல் தொடங்கிய தேசியத் திட்டமான நேட்ரிப்பின் கீழ், 304 ஏக்கரில் பொதுப்பணத்தில் உருவான இடம். சோதனைத் தடங்கள் இருக்கின்றன, மின்காந்த ஆய்வகம் இருக்கிறது, மோதல் சோதனைக்கு ஏற்பாடு இருக்கிறது. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் வாகனங்கள் ஐ.நா.வின் 155ஆம் விதிமுறைப்படி கணினிப் பாதுகாப்பை நிரூபித்தாக வேண்டும். அதே வழியில் நம் நாட்டிலும் ஏ.ஐ.எஸ். 189, 190 என்ற தரங்களை வகுத்திருக்கிறார்கள். அந்தத் தரங்களை நடைமுறைப்படுத்தக் கை தேர்ந்தவர்கள் வேண்டும். அவர்களை ஈ.சி.ஆரின் இருட்டிலிருந்து எடுக்க முடியாது.

ஆகவே தனித்தனியாக முயலாதீர்கள். உங்கள் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து அந்த மையத்துக்கு ஒரே விண்ணப்பம் எழுதட்டும். என்ன கேட்கிறோம் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு பருவத்துக்குச் சில நாட்கள், மாணவர் ஆய்வுக்கென்று ஒதுக்கிய தட நேரமும் மூடிய அறை நேரமும். தொழிற்சாலைகளில் முன்மாதிரிக்காகச் செய்து, விற்பனைக்குப் போகாமல் நசுக்கப்படும் வண்டிகளில் ஒன்றிரண்டு. அந்த வண்டியைச் சோதிக்க, தயாரிப்பாளர் எழுத்தில் தரும் அனுமதி. தடத்தில் வேக வரம்பு, துண்டிக்கும் சுவிட்ச், ஆம்புலன்ஸ், காப்பீடு. கண்டுபிடித்ததை எப்போது, யாரிடம் சொல்வது என்ற ஒப்பந்தம். மேசையிலும் ஸ்டாண்டிலும் செய்து முடித்த சோதனைகளின் பதிவை விண்ணப்பத்தோடு இணையுங்கள். அதைப் பார்த்த பிறகு தடத்தின் கதவைத் திறக்க யாருக்கும் தயக்கம் குறையும்.

மேசை அமைக்கத் தொடங்கும் எந்தக் குழுவுக்கும் சனிக்கிழமைகளில் வந்து உதவ நான் தயாராக இருக்கிறேன். என்னைப் போல் ஓய்வுபெற்ற சோதனைப் பொறியாளர்கள் மறைமலை நகரிலும் கூடுவாஞ்சேரியிலும் நிறைய பேர் இருக்கிறார்கள். உங்கள் பேராசிரியர்கள் வழியாகக் கூப்பிட்டால் வருவார்கள். விண்ணப்பத்தின் முதல் வரைவை அடுத்த பருவம் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். தட நேரம் ஒதுக்குகிறவர்கள் ஆண்டுத் திட்டம் போடுவதற்கு முன்பே அது அவர்கள் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாகன மின்னணுச் சோதனைப் பொறியாளர்,
சிங்கப்பெருமாள் கோவில்